கூட்டத்துக்கும் கூட்டத்துக்கும் நடுவில்

குடியிலிருந்து மீள ஆதரவுக் குழு தேடுகிறவர்கள் என்னிடம் முதலில் கேட்பது, "எந்தக் குழு நல்லது?" என்பதுதான். மீள வழிகாட்டும் 'பன்னிரண்டு படிகளை'ப் பின்பற்றும் குழுவா, கடவுள் பேச்சே இல்லாத குழுவா, நேரில் போவதா, இணையவழிக் கூட்டமே போதுமா என்று அடுத்தடுத்து வரும். நான் திருப்பிக் கேட்பது ஒன்றுதான். சாயங்காலம் உடம்பும் மனசும் குடிக்குப் பரபரக்கும்போது நீங்கள் கூப்பிடக்கூடிய ஆள் ஒருவராவது அந்தக் குழுவில் இருக்கிறாரா? கூட்டம் வாரத்தில் சில மணி நேரம் நடக்கும். குடிக்கத் தோன்றுவது பெரும்பாலும் மிச்ச நேரத்தில். அந்த மிச்ச நேரத்துக்கு ஆள் தராத குழுவில் எவ்வளவு நல்ல பேச்சாளர்கள் இருந்தாலும், புதிதாக நிறுத்தியவருக்கு அது போதாது. பல வருடங்களாகக் கூட்டங்களுக்குப் போய்வருகிறேன். உறுதியாகச் சொல்ல எனக்குத் தெரிந்தது இதைத்தான்.

நான் தினமும் குடித்தவன். வேலை போகவில்லை, வீடு உடையவில்லை, வெளியே யாருக்கும் அவ்வளவாகத் தெரியவும் இல்லை. நிறுத்துவதும் எனக்குப் புதிதல்ல, பலமுறை நிறுத்தியிருக்கிறேன். நிறுத்தியபடியே இருப்பதுதான் முடியவில்லை. வீட்டில் அத்தனை பேர் இருந்தும் இந்த ஒரு விஷயத்தில் நான் தனியாள். அவர்களுக்கு என் குடியின் விளைவு தெரியும். குடிக்காமல் இருக்கும் ஒரு மாலைப்பொழுது உள்ளே எப்படி இருக்கும் என்பது தெரியாது. தெரிய வாய்ப்பும் இல்லை.

குழுவுக்குப் போகும் முன் மருத்துவரிடம் போங்கள். இதை எத்தனை முறை சொன்னாலும் எனக்கு அலுக்காது. தினமும் அதிகமாகக் குடிக்கிறவர் திடீரென்று நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து வரலாம். கடைசியாகக் குடித்த சுமார் 6 மணி நேரத்திலேயே கை நடுக்கம், வியர்வை, படபடப்பு, குமட்டல் தொடங்கிவிடும். வலிப்பு வருவதாக இருந்தால் பெரும்பாலும் முதல் 48 மணி நேரத்துக்குள் வந்துவிடும். அதற்கு மேல், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள்வரை, சிலருக்கு டெலிரியம் ட்ரெமன்ஸ் என்று மருத்துவர்கள் சொல்லும் நிலை வரும். காய்ச்சல் அடிக்கும், எங்கே இருக்கிறோம் என்பதே தெரியாமல் போகும், இல்லாத ஆட்களும் பூச்சிகளும் கண்ணுக்குத் தெரியும். சிகிச்சை இல்லாமல் விட்டால் இதில் உயிர் போகிறவர்கள் உண்டு. முன்பு நிறுத்தியபோது வலிப்போ குழப்பமோ வந்திருந்தால், அடுத்த முறை அது இன்னும் மோசமாக வரலாம். அவர்கள் மருத்துவமனையில் சேர்ந்துதான் நிறுத்த வேண்டும்.

மருத்துவர்கள் இதற்கு, நரம்புகளை அமைதிப்படுத்தும் பென்சோடயசெபைன் வகை மருந்துகளைச் சில நாட்களுக்கு அளவோடு கொடுத்துப் படிப்படியாகக் குறைப்பார்கள். கூடவே தயமின், அதாவது வைட்டமின் பி1, கட்டாயம் கொடுப்பார்கள். நெடுநாள் குடியில் அது உடம்பில் வற்றிப்போகும். வற்றினால் மூளையே நிரந்தரமாகப் பாதிக்கப்படலாம். குழுவில் இருக்கும் யாராலும் இதைச் செய்ய முடியாது. செய்வதாகச் சொல்கிறவரை நம்பவும் கூடாது.

தன் குடி அந்த அளவுக்குப் போயிருக்கிறதா என்று தெரியாதவர்கள், உலக சுகாதார நிறுவனம் உருவாக்கிய 'ஆடிட்' என்ற கேள்வித்தாளை எடுத்துப் பாருங்கள். 10 கேள்விகள், மொத்தம் 40 மதிப்பெண். 8 அல்லது அதற்கு மேல் வந்தால் குடி ஆபத்தான எல்லைக்கு வந்துவிட்டது என்று பொருள். 20 அல்லது அதற்கு மேல் வந்தால் தள்ளிப்போடாமல் மருத்துவரைப் பார்க்க வேண்டும். கேள்விகளுக்கு நேர்மையாகப் பதில் எழுதி, அந்தத் தாளையே மருத்துவரிடம் நீட்டலாம். வாயால் சொல்லக் கூசுகிறவர்களுக்கு இது பெரிய உதவி. எனக்கு அப்படித்தான் இருந்தது.

இனி குழுக்கள். எல்லோருக்கும் தெரிந்த பெயர் ஆல்கஹாலிக்ஸ் அனானிமஸ், சுருக்கமாக ஏ.ஏ. பன்னிரண்டு படிகள் அதனுடையவைதான். அது எப்படித் தொடங்கியது என்று தெரிந்துகொண்ட பிறகுதான் எனக்குக் குழு என்பதன் உட்பொருளே பிடிபட்டது. 1935 மே மாதம். நியூயார்க்கில் பங்குச்சந்தை வேலை பார்த்த பில் வில்சன், குடியை விட்டுச் சில மாதங்களே ஆன நிலையில், ஓஹியோ மாநிலத்தின் ஏக்ரன் நகருக்குத் தொழில் விஷயமாகப் போகிறார். போன காரியம் கெட்டுப்போகிறது. தங்கியிருந்த ஓட்டலின் முன்கூடத்தில் நிற்கிறார். ஒருபுறம் மதுக்கூடத்தின் பேச்சுச் சத்தம், மறுபுறம் தொலைபேசி. அவர் தொலைபேசியை எடுத்தார். அங்கிருந்த தேவாலயப் பட்டியலைப் பார்த்து ஒரு போதகரை அழைத்து, தன்னைப்போன்ற இன்னொரு குடிநோயாளியிடம் பேச வேண்டும் என்று கேட்டார். அவர் சிலர் பெயரைச் சொல்ல, ஒருவர் மாற்றி ஒருவரை அழைத்து, கடைசியில் கிடைத்தவர் டாக்டர் பாப் ஸ்மித் என்ற அறுவை மருத்துவர். கால் மணி நேரம்தான் என்று சொல்லிவிட்டு வந்த டாக்டர் ஆறு மணி நேரத்துக்கு மேல் உட்கார்ந்துவிட்டார். அவர் கடைசியாகக் குடித்த 1935 ஜூன் 10ஆம் தேதியைத்தான் ஏ.ஏ. தொடங்கிய நாளாகக் கொண்டாடுகிறார்கள்.

இதில் என்னை நிறுத்தி யோசிக்க வைத்தது ஒன்று. பில் அந்த அழைப்பைச் செய்தது அடுத்தவரைக் காப்பாற்ற அல்ல, தான் அன்று குடித்துவிடாமல் இருக்க. கூட்டம், படிகள், புத்தகம் எல்லாம் அதற்குப் பின்னால் வந்தவை. முதலில் வந்தது ஒரு தொலைபேசி அழைப்பு.

ஏ.ஏ.வில் சேர ஒரே தகுதி குடியை நிறுத்தும் விருப்பம். கட்டணம் கிடையாது. வெளியாட்களிடம் நன்கொடை வாங்குவதில்லை. உறுப்பினர்கள் தாங்களாக விரும்பிப் போடும் காசில் குழு நடக்கிறது. 'நம்மைவிட மேலான சக்தி' என்ற பேச்சு வரும், பிரார்த்தனை வரும். அது ஒத்துவராதவர்களுக்கு வேறு வழிகள் உண்டு. 1994இல் தொடங்கிய ஸ்மார்ட் ரெக்கவரி, மனநல மருத்துவத்தின் சிந்தனை-நடத்தைச் சிகிச்சை முறையை அடிப்படையாகக் கொண்டது. பயிற்சி பெற்ற ஒருவர் கூட்டத்தை நடத்துவார். குடிக்கும் உந்துதலை எப்படிச் சமாளிப்பது, எண்ணங்களை எப்படிக் கையாள்வது என்று பயிற்சித்தாள் வைத்துக்கொண்டே பேசுவார்கள். பெண்களுக்கென்றே ஜீன் கர்க்பேட்ரிக் 1975இல் தொடங்கிய விமன் ஃபார் சோப்ரைட்டி இருக்கிறது. லைஃப்ரிங் என்ற மதச்சார்பற்ற அமைப்பின் கூட்டங்களில், போன வாரம் எப்படிப் போனது, வரும் வாரத்தில் என்ன வரப்போகிறது என்பதுதான் முக்கியப் பேச்சு. ஒன்றில் இருந்துகொண்டே இன்னொன்றுக்கும் போகலாம். நான் போயிருக்கிறேன். உந்துதலைத் தாளில் எழுதிப் பார்க்கும் பழக்கம் ஸ்மார்ட் கூட்டத்தில் கற்றது, இன்றும் கைகொடுக்கிறது.

இதெல்லாம் நிஜமாகவே வேலை செய்கிறதா என்று கேட்கிறவர்களுக்கு: மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து மதிப்பிடும் காக்ரேன் அமைப்பு 2020இல் ஒரு மதிப்பாய்வை வெளியிட்டது. 27 ஆய்வுகள், 10,565 பேர். முறைப்படி நோயாளிகளை ஏ.ஏ.வை நோக்கிச் செலுத்தும் சிகிச்சைகள், தொடர்ந்து குடிக்காமல் இருப்பதில், சிந்தனை-நடத்தைச் சிகிச்சை போன்ற மற்றவற்றைவிடக் கூடுதல் பலன் தந்தன. மற்ற அளவுகோல்களில் அவற்றுக்கு இணையாக இருந்தன. எல்லோருக்கும் பலிக்கும் என்று இதற்கு அர்த்தமில்லை. ஆனால் "நாலு குடிகாரர்கள் உட்கார்ந்து பேசி என்ன ஆகப்போகிறது" என்று தள்ளிவிட முடியாது.

தேடும்போது அமைப்பின் சொந்த இணையதளத்திலிருந்து தொடங்குங்கள். இடவாரியாகக் கூட்டப் பட்டியல் இருக்கும். ஏ.ஏ.வுக்கு 'மீட்டிங் கைடு' என்ற கைபேசிச் செயலியும் உண்டு. மருத்துவமனையின் மனநலப் பிரிவில் இருக்கும் சமூகப் பணியாளர்களுக்குப் பட்டியலில் இல்லாத விவரங்களும் தெரியும். எந்தக் குழு இப்போது உயிரோட்டமாக நடக்கிறது, எது பெயரளவில் இருக்கிறது என்று அவர்களைக் கேட்கலாம். பட்டியலை மட்டும் நம்பிப் புறப்பட வேண்டாம். கூட்டங்கள் இடம் மாறும், நேரம் மாறும், சத்தமில்லாமல் நின்றும் போகும். மனதைத் திடப்படுத்திக்கொண்டு கிளம்பிப் போய்ப் பூட்டிய கதவு முன்னால் நிற்பது, புதிதாக நிறுத்தியவருக்கு ஆபத்தான சாயங்காலம். முதலில் போன் செய்யுங்கள்.

என்ன பேசுவது என்று தயங்கினால், இவ்வளவு போதும்: "குடியை நிறுத்தணும்னு நினைக்கிறேன். இதுவரைக்கும் மீட்டிங் வந்ததில்ல. இந்த வாரம் எப்போ நடக்குது?" பெயர் சொல்ல வேண்டியதில்லை. அவர் பேசத் தொடங்கியதும் நீங்கள் கேட்க வேண்டியவை சில. திறந்த கூட்டமா, மூடிய கூட்டமா? திறந்ததற்குக் குடும்பத்தாரும் மாணவர்களும் யாரும் வரலாம். மூடியதற்குக் குடிப்பிரச்சினை உள்ளவர்கள் மட்டும். எந்த மொழியில் பேசுவார்கள்? பெண்கள் வருகிறார்களா? முதல்முறை வருகிறவரை வாசலில் யாராவது பார்ப்பார்களா? இந்தக் கடைசிக் கேள்விக்கு வரும் பதிலிலேயே குழுவின் குணம் பாதி தெரிந்துவிடும்.

நான் அழைத்தபோது எடுத்தவர், வயதானவர் குரல், என்னைப் பற்றி எதுவும் விசாரிக்கவில்லை. "குடிச்சிருந்தாலும் வாங்க. அமைதியா உக்காந்திருந்தா போதும். வண்டி மட்டும் ஓட்டிட்டு வராதீங்க" என்றார். நான் கேட்க நினைத்து விழுங்கிய கேள்விக்கு அது பதில்.

தெரிந்தவர் யாராவது பார்த்துவிட்டால் என்ன செய்வது என்ற பயம் பலரை வாசலிலேயே திருப்பிவிடுகிறது. அந்தப் பயத்தை நான் லேசாகப் பேச மாட்டேன். வேலையும் மரியாதையும் அதில் தொங்குகின்றன. அங்கே பார்த்தவரை, அங்கே கேட்டதை வெளியே சொல்லக் கூடாது என்பது எல்லாக் குழுக்களின் அடிப்படை ஒழுங்கு, பெரும்பாலும் காப்பாற்றப்படுகிறது. ஆனால் அது ஒருவருக்கொருவர் கொடுக்கும் வாக்கு. மருத்துவரிடமோ வழக்கறிஞரிடமோ பேசுவதற்கு உள்ள சட்டப் பாதுகாப்பு அதற்குக் கிடையாது. அதனால் தொடக்கத்தில் வேலை செய்யும் இடம், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, அடுத்தவரின் ரகசியம் இவற்றைப் பொதுவில் சொல்லாமல் இருப்பது நல்லது. குடியைப் பற்றி முழுதாகப் பேச அவை தேவையும் இல்லை. இணையவழிக் கூட்டமாக இருந்தால் சேரும் முன்பே திரையில் தெரியும் பெயரை மாற்றிவிடுங்கள். முழுப் பெயரும் நிறுவனப் பெயரும் அதில் தானாக வந்து நிற்கும். கேமராவை அணைத்து வைத்துக்கொள்ளலாம். ஆனால் மூடிய கூட்டங்கள் சிலவற்றில் முகம் காட்டச் சொல்வார்கள், உறுப்பினர்களின் பாதுகாப்புக்காகத்தான்.

கூட்டம் பொதுவாக ஒரு மணி முதல் ஒன்றரை மணி நேரம். நடத்துகிறவர் ஆரம்பித்து வைப்பார், வழக்கமான சில பக்கங்களை வாசிப்பார்கள். பிறகு ஒவ்வொருவராகத் தங்கள் அனுபவத்தைச் சொல்வார்கள், அதை ஷேரிங் என்பார்கள். பெயரைச் சொல்லி, "நான் ஒரு குடிநோயாளி" என்று தொடங்குவது வழக்கம். அந்த வார்த்தை உங்கள் வாயில் வரவில்லை என்றால் பெயரோடு நிறுத்திக்கொள்ளலாம். "இன்னிக்குக் கேக்க வந்திருக்கேன்" என்று மட்டும் சொல்லலாம். ஏ.ஏ. கூட்டங்களில் ஒருவர் பேசும்போது இன்னொருவர் குறுக்கே பேசுவதோ அறிவுரை சொல்வதோ கிடையாது. எனக்கு முதலில் இது வினோதமாக இருந்தது. ஒருவர் உடைந்து அழுதார். யாரும் சமாதானம் சொல்லவில்லை, நேரம் கொடுத்தார்கள், அவ்வளவுதான். ஏன் அப்படி என்று பிறகு புரிந்தது. அறிவுரை எங்களுக்கெல்லாம் வீட்டிலும் வெளியிலும் ஏற்கெனவே நிறையக் கிடைத்திருந்தது. முழுதாகப் பேசி முடிக்கும் வாய்ப்புதான் கிடைத்ததில்லை. ஸ்மார்ட் கூட்டத்தில் எதிர்க்கேள்வி கேட்டுப் பேசிக்கொள்வார்கள். எது உங்களுக்குச் சரி என்பது போய் உட்கார்ந்தால்தான் தெரியும்.

காணிக்கைப் பை வரும்போது புதியவர் எதுவும் போட வேண்டியதில்லை. கையில் பணம் இல்லை என்ற காரணத்துக்காக யாரும் கூட்டத்தைத் தவிர்க்க வேண்டாம்.

முதல் கூட்டம் என் மனதை மாற்றவில்லை. பிரார்த்தனை எனக்குப் பிடிக்கவில்லை, சில பேச்சுகள் நீளமாக இருந்தன, கிளம்பும் அவசரத்தில் இருந்தேன். எனக்கு வேண்டியது கூட்டம் முடிந்த பிறகுதான் நடந்தது. வாசல் அருகே ஒருவர் வந்து ஒரு சீட்டைக் கொடுத்தார். மூன்று நான்கு பெயர்கள், எண்கள். "தம்பி, நாளைக்குக் காலைல எனக்கு ஒரு போன் பண்ணுங்க" என்றார். எதற்கு என்று கேட்டேன். "சும்மாதான். குடிக்கணும்னு தோணும்போது கூப்பிடலாம்னு வெச்சிருந்தா அப்போ கை போனை எடுக்காது. தோணாதப்பவே கூப்பிட்டுப் பழகணும்."

இந்த ஒரு வாக்கியம் எனக்கு எல்லாப் புத்தகங்களையும்விட அதிகம் உதவியிருக்கிறது. விளக்கிச் சொல்கிறேன். உந்துதல் வரும் நேரத்தில் மூளை குடிக்கு வக்காலத்து வாங்கிக்கொண்டிருக்கும். இந்த நேரத்தில் தொந்தரவு செய்யலாமா, அவர் சாப்பிட்டுக்கொண்டிருப்பார், என்ன நினைப்பார், இதற்கெல்லாம் கூப்பிடுவதா என்று ஒவ்வொரு தடையாகக் கொண்டுவந்து போடும். ஏற்கெனவே தினமும் பேசுகிற ஒருவராக இருந்தால் அந்தத் தடைகளில் பாதி நிற்காது. காலை அழைப்பில் நாங்கள் பேசியது ஒன்றும் பெரிதில்லை. தூங்கினீர்களா, இன்று சாயங்காலம் எங்கே இருப்பீர்கள், கையில் பணம் எவ்வளவு வைத்திருக்கிறீர்கள், வழியில் எந்த இடத்தைத் தாண்ட வேண்டும். சில நிமிடம்தான். சாயங்காலத்தைக் காலையிலேயே பேசி முடித்துவிடுவது அது.

சோதனை ஒரு நாள் வந்தது. அலுவலகத்தில் ஒருவருக்குப் பிரிவுபசாரம். போகாமல் இருக்க முடியவில்லை, அல்லது முடியாது என்று நினைத்தேன். என் எதிரே கண்ணாடித் தம்ளரை வைத்து ஊற்றத் தொடங்கினார்கள். எழுந்து மாடிப்படிக்கு வந்தேன். முதல் எண் எடுக்கவில்லை. இரண்டாவதும் எடுக்கவில்லை. மூன்றாவது ஆள் எடுத்தார், அதுவரை அவரோடு நான் அதிகம் பேசியதே இல்லை. விஷயத்தைச் சொன்னேன். "மதியம் என்ன சாப்பிட்டீங்க?" என்று கேட்டார். நான் சாப்பிட்டிருக்கவில்லை. "அப்படியே வெளிய வாங்க. ஏதாவது சாப்பிடுங்க. சாப்பிட்டு முடிக்கிற வரைக்கும் லைன்ல இருக்கேன்." பசி, கோபம், தனிமை, அசதி இந்த நான்கில் ஒன்றாவது இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும் என்பது மீண்டவர்கள் எல்லோரும் சொல்லும் பாடம். அன்று எனக்கு நான்குமே இருந்தன. உந்துதல் ஏறும், உச்சத்துக்குப் போகும், தானாக இறங்கும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் தணிந்துவிடும். அந்த அரை மணி நேரத்துக்குத் துணை வேண்டும். அன்று அவர் தந்தது அதைத்தான்.

அன்றிலிருந்து நான் எல்லோருக்கும் சொல்வது: ஒரு எண் போதாது. குறைந்தது ஐந்து வைத்துக்கொள்ளுங்கள். வெவ்வேறு நேரத்தில் விழித்திருக்கும் ஆட்களாக இருக்கட்டும், இரவு வேலை பார்க்கிறவர் ஒருவர், அதிகாலையில் எழுகிறவர் ஒருவர் என்று. காகிதத்திலும் எழுதிப் பர்ஸில் வையுங்கள். யாரும் எடுக்கவில்லை என்றால் குரல்பதிவாக அனுப்புங்கள்; சொல்லிவிட்டாலே பிடி கொஞ்சம் தளரும். தற்கொலை எண்ணம் வந்தால் மட்டும் இந்தப் பட்டியலோடு நிற்காதீர்கள். அது மருத்துவமனைக்கோ அவசர உதவி எண்ணுக்கோ உடனே போக வேண்டிய விஷயம், நள்ளிரவானாலும்.

ஒரே கூட்டத்தைப் பார்த்து முடிவுக்கு வர வேண்டாம். ஒரே அமைப்பின் இரண்டு குழுக்கள் ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாமல் இருக்கும். நான் பார்த்த ஒரு குழுவில் மூத்தவர்கள் தங்கள் பழைய கதையையே திரும்பத் திரும்பச் சொன்னார்கள். போன வாரம் கஷ்டப்பட்டதாக ஒருவரும் சொல்லவில்லை. இன்னொன்றில் எல்லோரும் புதியவர்கள், பிடித்துக்கொள்ள அனுபவசாலி யாரும் இல்லை. நான் தங்கிய குழுவில் இரண்டு வகையும் இருந்தார்கள், கூட்டம் முடிந்ததும் யாரும் ஓடவில்லை, நின்று பேசினார்கள், சிரித்தார்கள். இரண்டு வாரம் வராதவரை யாராவது அழைத்து விசாரித்தார்கள். இதைத்தான் கவனித்துப் பாருங்கள்.

உடனே விலக வேண்டிய இடங்களும் உண்டு. உதவிக் குழு என்ற பெயரில் கட்டணம் கேட்கிற இடம். சிகிச்சை மையத்துக்கு ஆள் பிடிக்கிற இடம். புதிதாக வந்த பெண்களிடம் நெருங்கப் பார்க்கும் ஆட்களைக் கண்டும் காணாமல் விடுகிற இடம். கடன் கேட்கும் உறுப்பினர்கள். மருத்துவர் தந்த மாத்திரையை நிறுத்தச் சொல்கிற ஆட்கள். இந்தக் கடைசி ஆபத்தை நான் நேரில் பார்த்திருக்கிறேன். "மாத்திரை போட்டுக்கிட்டு இருந்தா அது நிதானமே இல்ல" என்று ஒருவர் ஓர் இளைஞரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். நால்ட்ரெக்ஸோன், அகாம்ப்ரோசேட் போன்றவை குடிக்கும் ஏக்கத்தைக் குறைக்கப் பல நாடுகளில் அங்கீகரிக்கப்பட்ட மருந்துகள். டைசல்ஃபிரம் வேறு வகை மருந்து, அதை உட்கொண்டவர் மது குடித்தால் உடம்பு ஏற்காது. அதை மருத்துவர் கண்காணிப்பில், உட்கொள்கிறவருக்குத் தெரிந்து மட்டுமே தர வேண்டும், சாப்பாட்டில் மறைத்துக் கலப்பது உயிரோடு விளையாடுவது. மனச்சோர்வுக்கான மாத்திரையை நிறுத்துவதும் அப்படித்தான். உறுப்பினர் யாரும் மருத்துவராக நடந்துகொள்ளக் கூடாது என்று ஏ.ஏ.வின் சொந்த வெளியீடே சொல்கிறது. அந்த இளைஞரைத் தனியாக அழைத்து அதைக் காட்டினேன்.

கொஞ்ச நாள் போனதும் ஸ்பான்சர் ஒருவரைத் தேடச் சொல்வார்கள். நமக்கு முன்னால் இந்த வழியில் போனவர், படிகளை நம்மோடு உட்கார்ந்து செய்கிறவர். அவர் குருவும் அல்ல, மருத்துவரும் அல்ல, வட்டிக்கு விடுகிறவரும் அல்ல. பெரும்பாலும் ஆணுக்கு ஆண், பெண்ணுக்குப் பெண் என்று இருப்பது வழக்கம், காரணம் வெளிப்படை. பேச்சு நன்றாக இருக்கிறது என்பதற்காகத் தேர்வு செய்யாதீர்கள். போனை எடுக்கிறவரா, தன் வீட்டில் எப்படி நடந்துகொள்கிறார், தெரியாததைத் தெரியாது என்கிறாரா என்று பாருங்கள். தற்காலிகமாக இருங்கள் என்று கேட்டுத் தொடங்கலாம். ஒத்துவராவிட்டால் மாற்றிக்கொள்ளலாம், அதில் அவமரியாதை ஏதுமில்லை. நம்மால் பாதிக்கப்பட்டவர்களிடம் போய்ச் சரிசெய்யும் ஒன்பதாம் படியை அவசரமாகச் செய்ய வேண்டாம் என்பது என் கருத்து. அப்படிச் செய்வது அவர்களையோ மற்றவர்களையோ காயப்படுத்துமானால் விட்டுவிட வேண்டும் என்று அந்தப் படியிலேயே இருக்கிறது. நம் மன பாரத்தை இறக்கி வைக்க அடுத்தவர் காயத்தைக் கிளறக் கூடாது.

சிலர் சில மாதம் கழித்து மறுபடி குடித்துவிடுவார்கள். அவர்களில் பலர் திரும்பி வருவதில்லை, வெட்கம்தான் காரணம். குழுவில் அதற்கு ஸ்லிப் என்பார்கள், யாரும் முகம் சுளிப்பதில்லை. அப்படி முகம் சுளிக்கும் குழுவாக இருந்தால் வேறு குழுவுக்குப் போங்கள். குடித்த அன்றே ஒருவரை அழைத்துச் சொல்லிவிடுவது நல்லது. ஒன்றை மறக்க வேண்டாம்: சில நாட்கள் தொடர்ந்து குடித்துவிட்டால், நிறுத்தும்போது அந்த நடுக்கமும் வலிப்பும் மறுபடி வரலாம். மீண்டும் மருத்துவர்தான் முதலில்.

குடும்பத்துக்கு வேறு கூட்டம் இருக்கிறது என்பது எனக்கு வெகு தாமதமாகத்தான் தெரிந்தது. அல்-அனான் 1951இல் பில் வில்சனின் மனைவி லோயிஸும் இன்னொரு உறுப்பினரின் மனைவியும் தொடங்கியது. பதின்வயதுப் பிள்ளைகளுக்கான அலட்டீன் 1957இல் வந்தது. குடிக்கிறவர் நிறுத்தினாலும் நிறுத்தாவிட்டாலும் குடும்பத்தார் அங்கே போகலாம். என் மனைவி போகத் தொடங்கிய பிறகு வீட்டில் ஒன்று மாறியது: நான் பத்து நிமிடம் தாமதமாக வந்தால் வாசலில் என் மூச்சை முகர்ந்து பார்ப்பது நின்றது. அவள் கூட்டத்தில் என்ன பேசினாள் என்று நான் கேட்டதில்லை. என் கூட்டத்தைப் பற்றி அவளும் கேட்பதில்லை. அது எங்கள் இருவருக்கும் பெரிய நிம்மதி.

வெளியூர் போகும்போது, புறப்படும் முன்பே அங்கே எங்கே எப்போது கூட்டம் என்று பார்த்து வைத்துவிடுகிறேன். இல்லாவிட்டால் இணையவழிக் கூட்டம்; ஏதோ ஒரு நாட்டில் எந்நேரமும் ஒன்று நடந்துகொண்டிருக்கும். கூட்டங்களின் எண்ணிக்கையை நான் காலப்போக்கில் குறைத்திருக்கிறேன். காலை அழைப்பைக் குறைக்கவில்லை. இப்போது சீட்டில் என் எண்ணும் இருப்பதால் என்னையும் சிலர் அழைக்கிறார்கள், சில நாள் அவர்கள் அழைப்பே எனக்கு அன்றைய கூட்டம்.

பக்கத்தில் குழுவே இல்லை என்று எழுதுகிறவர்களுக்கு: ஏ.ஏ.வின் மரபுப்படி, குடியிலிருந்து மீள இரண்டு மூன்று பேர் கூடினாலே, வேறெந்த அமைப்போடும் சேராதவரை, அவர்கள் தங்களைக் குழு என்று அழைத்துக்கொள்ளலாம். உங்களுக்குச் சிகிச்சை செய்த மருத்துவரிடம் சொல்லி வையுங்கள், இன்னொருவர் வந்தால் உங்கள் எண்ணைக் கொடுக்கும்படி. அவர் வந்ததும் வாரத்தில் ஒரு நாளும் நேரமும் பொது இடம் ஒன்றும் முடிவு செய்துகொள்ளுங்கள், வீட்டில் வேண்டாம். அமைப்பின் சேவை அலுவலகத்துக்கு எழுதினால் வாசிக்க வேண்டியவற்றை அனுப்புவார்கள், பட்டியலிலும் சேர்ப்பார்கள். ஒருவர் வராத வாரத்திலும் மற்றவர் போய் அந்த ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க வேண்டும். அன்றைக்குத்தான் யாராவது புதிதாக வந்து கதவைத் தேடக்கூடும்.